கண்ணாடிக் கீலுக்குள் ஒரு ஸ்பிரிங்

"கம்ப்யூட்டரை வித்துடலாமான்னு பார்க்கிறேன்டா" என்று சித்தி போனில் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கி முழுதாக நான்கு மாதம்கூட ஆகவில்லை. எந்தப் பிராசசர், எத்தனை ஜிபி ராம், எத்தனை அங்குல மானிட்டர் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்தவனே நான்தான். பிளஸ் ஒன் படிக்கும் தங்கை அதில்தான் பாட வீடியோக்களைப் பார்க்கிறாள். பைதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, வாரம் ஒரு முறை எனக்குச் சந்தேகம் கேட்டு மெயில் அனுப்புவாள்.

பிரச்சினை தலைவலி. "உட்கார்ந்து ஒரு மணி நேரத்துல ரெண்டு பொட்டும் தெறிக்குதுங்கறா. கண் டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்தாச்சு. பவர் மாறலை, கண்ணு நல்லா இருக்குன்னுட்டார். அப்ப கம்ப்யூட்டர்தானேடா காரணம்?"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் இது வழக்கமான தீர்ப்பு. தலை வலித்தாலும் கம்ப்யூட்டர், மார்க் குறைந்தாலும் கம்ப்யூட்டர். ஆனால் சித்தி சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. வலி கண்ணில் இல்லை, நெற்றியில் இல்லை. சரியாக இரண்டு பொட்டிலும், காதுக்குச் சற்று மேலே.

"சித்தி, கண்ணாடியைக் கழட்டி வெச்சா எவ்வளவு நேரத்துல வலி போகுது?"

"அரை மணி நேரத்துல சரியாயிடுது. ஸ்கூல்ல போர்டைப் பார்க்கத்தான் போடுவா. வீட்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா மூணு மணி நேரம் ஆனாலும் கழட்ட மாட்டா."

அன்று மாலை வீடியோ காலில் தங்கையைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உச்சந்தலை தெரியும்படி வெப்கேம் முன்னால் குனியச் சொன்னேன். என்னைக் கிண்டல் செய்துகொண்டே குனிந்தாள். நான் எதிர்பார்த்தது அப்படியே தெரிந்தது. கண்ணாடியின் முன்பக்கச் சட்டமும் காதுக்குப் போகும் கையும் சேரும் மூலையில், உள்பக்கமாக ஒரு மெல்லிய இடைவெளி. ஆங்கில 'வி' எழுத்தைப் போல. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

குற்றவாளி அகப்பட்டுவிட்டான்! அவன் மானிட்டருக்குள் இல்லை, கண்ணாடியின் கீலுக்குள் உட்கார்ந்திருந்தான். ஒரு ஸ்பிரிங். சொல்லப்போனால் அவனைக் குற்றவாளி என்பதும் நியாயமில்லை. அவன் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். அந்த வேலை என்ன என்று பார்க்கலாம்.

சாதாரணக் கீல் எங்கே தோற்கிறது?

முதலில் பெயர்களைச் சரிசெய்து கொள்வோம். காதில் மாட்டும் நீண்ட பாகத்தைக் கடைக்காரர்கள் 'சைடு' என்பார்கள். விளம்பரங்களில் 'டெம்பிள்' என்று இருக்கும். கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நெற்றிப்பொட்டுக்கு ஆங்கிலத்தில் அதே பெயர். நாம் 'கை' என்றே வைத்துக் கொள்வோம்.

மூக்கில் நிற்கும் கண்ணாடிகளுக்குக் கை வந்ததே 18-ஆம் நூற்றாண்டில்தான். லண்டனில் கடை வைத்திருந்த எட்வர்ட் ஸ்கார்லெட் அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் கை வைத்த கண்ணாடிகளை விற்றார். அதே ஊரில் ஜேம்ஸ் ஐஸ்கோ 1752-இல் இரண்டு இடத்தில் மடங்கும் கைகளை விளம்பரம் செய்தார். அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. சட்டத்தில் சில வளையங்கள், கையில் சில வளையங்கள், விரல்களைக் கோத்ததுபோல அவை ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். நடுவே ஒரு பொடித் திருகு. நம் வீட்டுக் கதவுக் கீலேதான்.

கையை விரித்தால் அதன் முனை சட்டத்தின் மூலையில் போய் முட்டி நிற்கும். அதுதான் 'முழுதாகத் திறந்த' நிலை. அதற்கு மேல் அழுத்தினால் என்ன ஆகும்?

கதவின் கீல் பக்கத்து இடுக்கில் ஒரு மரத்துண்டு சிக்கியிருக்கும்போது கதவைச் சாத்திப் பார்த்திருக்கிறீர்களா? மெதுவாகத் தள்ளினாலே போதும், கீலின் திருகுகள் நிலையிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். மரத்துண்டு நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. கண்ணாடியிலும் அதுவே நடக்கிறது. கையின் முனையும் சட்டத்தின் மூலையும் முட்டும் வெளி விளிம்புதான் தாங்குபுள்ளி. கீலின் திருகு அதற்கு உள்பக்கமாக, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக் கொள்வோம். கீலிலிருந்து காதுவரை 100 மில்லிமீட்டர். விகிதம் 1-க்கு 33.

அதாவது நீங்கள் காதுப் பக்கத்தில் 300 கிராம் அளவுக்கு இழுத்தால், கீலின் திருகை 10 கிலோ இழுக்கிறது! கண்ணாடியை ஒற்றைக் கையால் வெடுக்கென்று கழற்றும்போது 300 கிராம் என்பது பெரிய விசையே இல்லை. தூங்கும்போது மேலே புரண்டு படுத்தால் கேட்கவே வேண்டாம். ஒன்று கை வளையும், அல்லது கீலைப் பற்றவைத்த இடம் விடும், அல்லது பிளாஸ்டிக் சட்டம் மூலையில் வெடிக்கும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் கண்ணாடி அடிக்கடி இந்த மூலையில் உடைவதற்கு இதுதான் காரணம்.

ஸ்பிரிங் கீல் என்ன செய்கிறது?

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடப் பிரித்துப் பார்ப்பது மேல் என்று, கீறல் விழுந்து மூலையில் கிடந்த என் பழைய உலோகச் சட்டம் ஒன்றை வெள்ளைத் துண்டின் மேல் வைத்துப் பிரித்தேன். (நீங்கள் போட்டிருக்கும் கண்ணாடியில் இதைச் செய்ய வேண்டாம்.)

கையின் உள்பக்கத்தில், கீலுக்குப் பின்னால், அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு சின்ன உலோகக் கூடு இருக்கும். உங்கள் கண்ணாடியில் ஸ்பிரிங் கீல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்தக் கூட்டைத் தேடினால் போதும். பிளாஸ்டிக் கைகளில் அது உள்ளேயே புதைந்திருக்கலாம். அப்போது கையை முழுதாக விரித்து, இன்னும் ஒரு துளி மெல்லத் தள்ளிப் பாருங்கள். விட்டதும் தானாகத் திரும்பி வந்தால் ஸ்பிரிங் இருக்கிறது.

கூட்டுக்குள் முன்னும் பின்னும் நகரக்கூடிய ஒரு துண்டு. அதன் முன்முனையில் திருகு நுழையும் வளையம். பின்னால் மெல்லிய கம்பி, கம்பியைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், கம்பியின் கடைசியில் ஸ்பிரிங் கழன்று போகாதபடி ஒரு குமிழ். கூட்டின் வாயில் ஒரு தடுப்பு. ஆகவே ஸ்பிரிங்குக்கு முன்னால் தடுப்பு, பின்னால் குமிழ், இரண்டுக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டிருக்கிறது. வளையத்தை வெளியே இழுத்தால் குமிழ் முன்னே வந்து ஸ்பிரிங்கை நசுக்கும். விட்டால் ஸ்பிரிங் நிமிர்ந்து, வளையத்தைக் கூட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். நான் தடுப்பை நெம்பியதும் ஸ்பிரிங் பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. டார்ச் அடித்துத் தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவ்வளவு பொடிசு.

இப்போது கதவு உதாரணத்துக்குத் திரும்புங்கள். இடுக்கில் கட்டை இருக்கிறது, கதவைத் தள்ளுகிறோம். ஆனால் கீலே கொஞ்சம் வெளியே நீண்டு கொடுத்தால்? திருகு பெயராது. தள்ளுவதை நிறுத்தியதும் கீல் பழையபடி உள்ளே போய்விடும். ஸ்பிரிங் கீலில் நடப்பது இதுதான். கையை முழுதாகத் திறந்த நிலைக்கு அப்பால் தள்ளும்போது, கை வெளி விளிம்பைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு சாய்கிறது. உள்பக்கத்தில் 'வி' வடிவ இடைவெளி பிறக்கிறது. அந்த இடைவெளிக்குத் தேவையான நீளத்தை, வளையத் துண்டு கூட்டிலிருந்து வெளியே வந்து கொடுக்கிறது.

எவ்வளவு வெளியே வர வேண்டும் தெரியுமா? கை 10 டிகிரி கூடுதலாக விரிய, நம் 3 மில்லிமீட்டர் கணக்கின்படி வெறும் அரை மில்லிமீட்டர். ஆனால் 100 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் காதுப் பக்கத்தில் அது 17 மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. இரண்டு கைக்கும் சேர்த்தால் மூன்றரை சென்டிமீட்டர். தலையில் மாட்டவும் கழற்றவும் தாராளம்.

விசைக் கணக்கும் தலைகீழாகப் பொருந்தும். ஸ்பிரிங் ஒரு கிலோ விசையோடு வளையத்தை இழுத்தாலும், 33-ஆல் வகுத்தால் காதருகே 30 கிராம்தான். அதனால்தான் அந்த ஸ்பிரிங் அப்படி முறுக்காக இருந்தும் கை நமக்கு இதமாக விரிகிறது.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்பிரிங் கீல் உள்ள கண்ணாடியை மடக்கும்போது பாதிவழியில் லேசாகத் திமிறி, பிறகு 'டக்' என்று தானே மடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். சட்டத்திலுள்ள கீல் துண்டின் மூலையில் கூட்டின் வாய் ஏறி இறங்குகிறது. ஏறும்போது ஸ்பிரிங் நசுங்குகிறது, உச்சியைத் தாண்டியதும் கை அதுவாகவே விழுகிறது. திறப்பதற்கும் அதே கதை. இதற்காகத் தனியாக ஒரு பாகம் இல்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே இந்த வேலையையும் பார்த்துக்கொள்கிறது. எழுதிய ஒரே ஃபங்ஷனை இரண்டு இடத்தில் கூப்பிடும் புரோகிராமரின் சாமர்த்தியம் இதில் எனக்குத் தெரிகிறது.

இந்தப் பொடிசுகளைச் செய்வதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஜெர்மனியில் ஓபிஇ, இத்தாலியில் விசோட்டிகா. உங்கள் சட்டத்தில் எந்தப் பெயர் அச்சாகியிருந்தாலும், கீல் இப்படிப்பட்ட வேறொரு கம்பெனியிலிருந்து வந்ததாக இருக்கலாம். கம்ப்யூட்டர் ஒருவர் பெயரிலும் உள்ளே ஹார்ட் டிஸ்க் இன்னொருவர் பெயரிலும் இருப்பது போல! சட்டங்களுக்கான சர்வதேசத் தர நிர்ணயம் ஐஎஸ்ஓ 12870-இல், கையை 500 முறை திரும்பத் திரும்ப அசைத்துச் சோதிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதன் பிறகும் சட்டம் உடையாமல், கோணாமல் இருக்க வேண்டும், கையை விரலால் லேசாகத் தள்ளினாலே மடங்கவும் திறக்கவும் வேண்டும் என்பது விதி.

ஸ்பிரிங் இல்லாமலும் இந்த வளைவைக் கொண்டுவர வழிகள் உள்ளன. நிக்கலும் டைட்டானியமும் கலந்த, எப்படி முறுக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகத்தில் கையையே செய்துவிடுவது ஒன்று. இத்தாலியின் பெர்சோல் கம்பெனி 'மெஃப்ளெக்டோ' என்ற பெயரில் கையின் நடுவிலேயே வளையும் இடம் வைத்திருக்கிறது. இவை விலை கூடுதல். சாதாரணக் கடையில் நமக்குக் கிடைப்பது ஸ்பிரிங் கீல்தான்.

சரி, பிறகு ஏன் வலித்தது?

இதை என் தலையில் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தினமும் மாலை ஐந்து மணிக்கு மேல் பொட்டில் வலி. மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பின்னணியைக் கறுப்பாக்கினேன். எதுவும் சரிப்படாமல், நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு என்று கூடுதலாகப் பணம் கட்டி லென்சையே மாற்றினேன். (அந்தப் பூச்சு கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் திரட்டி 2023-இல் சொன்னது. என் பணம் அதற்கு முன்பே போய்விட்டது.)

கடைசியில் விஷயத்தைச் சொன்னது, ஒரு தெருமுனைக் கண்ணாடிக் கடைப் பெரியவர். மூக்குத்தாங்கி மாற்றப் போயிருந்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, என் காதுக்கு மேலே விரலால் தடவினார்.

"தம்பி, இங்க பள்ளம் விழுந்திருக்கு. வலிக்குமே?"

"ஆமாங்கய்யா. மானிட்டர் பார்த்துப் பார்த்து..."

"மானிட்டர் இங்கயா குத்தும்?" என்று சிரித்தார். திரும்பப் போடச் சொல்லி, எனக்குப் பின்னால் ஒரு கண்ணாடியும் முன்னால் ஒரு கண்ணாடியும் பிடித்து, அந்த 'வி' இடைவெளியைக் காட்டினார். "போட்டிருக்கும்போது ஸ்பிரிங் சும்மா இருக்கணும். உங்க தலைக்கு இந்த ஃபிரேம் சின்னது. ஸ்பிரிங் இல்லாத ஃபிரேமா இருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், வாங்கியிருக்க மாட்டீங்க. ஸ்பிரிங் இருந்ததால விரிஞ்சு கொடுத்துடுச்சு."

ஸ்பிரிங் கீலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடுகிறது. ஸ்பிரிங்கின் வேலை மாட்டும்போதும், கழற்றும்போதும், கை தட்டும்போதும் வரும் சில நொடி அதிர்ச்சிக்கு வளைந்து கொடுப்பது. சின்னச் சட்டத்தைப் பெரிய தலைக்குப் பொருந்தவைப்பது அதன் வேலை இல்லை. 30 கிராம் என்பது ஒரு நொடிக்கு ஒன்றுமே இல்லை. அதுவே மூன்று மணி நேரம், பொட்டின் மெல்லிய தோலில், சின்னஞ்சிறு இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் வேறு விஷயம். சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் வெளி அழுத்தத்தால் வரும் தலைவலி என்று ஒரு வகையே இருக்கிறது. ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, இறுக்கமான பட்டை போன்றவற்றால் வருவது. அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும், அழுத்தும் இடத்திலேயே அதிகமாக இருக்க வேண்டும், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்பது அதன் அடையாளம். சித்தியிடம் 'எவ்வளவு நேரத்தில் போகிறது' என்று நான் கேட்டது இதற்காகத்தான்.

தங்கையின் சட்டம் எட்டாம் வகுப்பில் வாங்கியது. அப்போது சரியாகத்தான் இருந்தது. மூன்று வருடத்தில் அவள் முகம் வளர்ந்துவிட்டது. சாதாரணக் கீலாக இருந்தால் 'கண்ணாடி சின்னதாயிடுச்சு' என்று முதல் வருடமே தெரிந்திருக்கும். ஸ்பிரிங் பெருந்தன்மையாக விரிந்து விரிந்து கொடுத்து, விஷயத்தையே மறைத்துவிட்டது.

கூடவே இன்னொரு தொல்லையும் உண்டு. சட்டம் குறுகலாக இருந்தால் கைகள் தலையின் அகலமான இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சோப்பை இறுக்கிப் பிடித்ததுபோலக் கண்ணாடியை முன்னே தள்ளும். கண்ணாடி மூக்கில் இறங்கும். 'லூசாக இருக்கிறது' என்று நினைத்து நாம் இன்னும் இறுக்கச் சொல்வோம்! வயதானவர்கள் போடும் புரோகிரசிவ் லென்சில் இது இன்னும் மோசம். மானிட்டர் தூரத்துக்கான பகுதி கீழே இறங்கிவிட, அதைத் தேடி அவர்கள் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள். சாயங்காலம் கழுத்து வலி.

வெப்கேம் இருக்க பயமேன்?

உங்கள் வீட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெப்கேம் முன் குனிந்து ஒரு படம் எடுங்கள், அல்லது செல்போனைத் தலைக்கு மேல் பிடித்து யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலையைப் பாருங்கள். கையின் முனை சட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் நல்லது. உள்பக்கம் இடைவெளி தெரிந்தால் ஸ்பிரிங் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது என்று அர்த்தம். கைகள் காதுக்குச் சற்று முன்பு வரை தலையைத் தொடாமல், அல்லது பட்டும் படாமல் போக வேண்டும். கண்ணாடி நழுவாமல் நிற்பது மூக்குத்தாங்கியாலும் காதுக்குப் பின்னால் இருக்கும் வளைவாலும்தான்.

இடைவெளி இருக்கிறது என்பதற்காக, கைகளை இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து அகலப்படுத்தப் பார்க்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது இதுதான். ஸ்பிரிங் கீலில் நீங்கள் இழுக்கும் இழுப்பையெல்லாம் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு திரும்ப வந்துவிடும், ஒரு மில்லிமீட்டர்கூட அகலாது. கடைக்காரர்கள் உலோகச் சட்டமாக இருந்தால் மூலையை இடுக்கியால் பிடித்து வளைப்பார்கள், பிளாஸ்டிக் என்றால் சூடுபடுத்தி வளைப்பார்கள். கொஞ்சம் வித்தியாசம் என்றால் அதிலேயே சரியாகும். நிறைய என்றால் வேறு சட்டம்தான்.

இப்போது பலர் கண்ணாடியையும் இன்டர்நெட்டில் வாங்குகிறீர்கள். கேமராவில் முகத்தைக் காட்டினால் சட்டம் மாட்டிக் காட்டும் வசதி இருக்கிறது. அழகு தெரியும், அழுத்தம் தெரியாது. கையின் உள்பக்கம் 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். லென்சின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். இந்த மூன்றிலும் சட்டத்தின் மொத்த அகலம் இல்லை என்பதைக் கவனியுங்கள்! நமக்கு வேண்டியதே அதுதான். வலிக்காத பழைய கண்ணாடி ஒன்று இருந்தால் ஒரு கீலிலிருந்து மறு கீல் வரை ஸ்கேல் வைத்து அளந்து, அந்தத் தளத்தில் சட்டத்தின் மொத்த அகலம் என்று போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய கண்ணாடி இல்லையென்றால், ஏடிஎம் கார்டு அளவுள்ள ஒரு கார்டை நெற்றியில் ஒட்டினாற்போல் பிடித்து நேராகப் படம் எடுத்துக் கொள்ளலாம். எல்லா ஏடிஎம் கார்டுகளும் 85.6 மில்லிமீட்டர் அகலம். அதை வைத்து முகத்தின் அகலத்தைக் கணக்கிடலாம். ஆனால் உண்மையான ஏடிஎம் கார்டைப் பிடித்துப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அதே அளவில் இருக்கும் கடை உறுப்பினர் கார்டு ஏதாவது போதும்.

ஹெட்போன் விஷயம் தனி. காதை மூடும் பெரிய ஹெட்போன் போடுபவர்கள் 'ஸ்பிரிங் கீல் வாங்கினால் அழுத்தாது' என்று நம்பி வாங்குகிறார்கள். ஸ்பிரிங் வெளிப்பக்கம்தான் விரிந்து கொடுக்கும். ஹெட்போன் அழுத்துவது உள்பக்கமாக, கையை எலும்போடு சேர்த்து. அங்கே ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. கை மெல்லியதாக இருக்கும் சட்டமும், மெத்து மிருதுவாக இருக்கும் ஹெட்போனும்தான் உதவும். வீட்டில் தனியாக இருந்தால் ஸ்பீக்கரிலேயே கேட்டுவிடுங்கள்.

பழுது பார்ப்பதில் ஸ்பிரிங் கீல் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை. திருகு விழுந்துவிட்டால் ஸ்பிரிங் வளையத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வராது. கடைக்காரர் கொக்கி போன்ற கருவியால் வளையத்தை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டே திருகைப் போடுவார். வீட்டில் குண்டூசியும் பொறுமையும் வைத்துச் செய்து பார்த்தேன், பொறுமைதான் முதலில் தீர்ந்தது. ஃபெவிக்விக் போன்ற பசையை மட்டும் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். கூட்டுக்குள் இறங்கினால் ஸ்பிரிங் கல்லாகிவிடும், அதன் ஆவி லென்சில் வெள்ளையாகப் படிந்தும்விடும். எண்ணெயும் வேண்டாம், தூசியைக் கூட்டிக்கொண்டு வரும். வியர்வை உப்புக்குக் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு, ஒரு துடைப்பு, அவ்வளவுதான். கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றி, மடக்கிப் பெட்டியில் வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஸ்பிரிங் கீல் அவசியமே இல்லை என்பது என் கருத்து. எந்தக் கடையிலும் பழுது பார்க்க முடிகிற சாதாரணக் கீலே போதும். குழந்தைகளுக்கும், ஒற்றைக் கையால் கழற்றும் என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கும் ஸ்பிரிங் நல்லது.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. லேப்டாப் மூடியின் கீலில் இருப்பது ஸ்பிரிங் போல விட்டுக்கொடுக்கும் அமைப்பு இல்லை, உராய்வு. தண்டு ஒன்றை உலோகப் பட்டை இறுகப் பிடித்திருக்கும். அதனால்தான் மூடி எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கிறது. ஆனால் அதன் எல்லைக்கு மேல் சாய்த்தால் விரிந்து கொடுக்காது. அதே நெம்புகோல் கணக்குத்தான், அங்கே கை 20 சென்டிமீட்டர். பிளாஸ்டிக்கில் பதித்த திருகுக் குமிழ்கள் பெயர்ந்து வரும். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறங்கள்.

தங்கையை அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூலையை வளைத்துச் சரிசெய்யும் அளவையெல்லாம் தாண்டிவிட்டது, புதுச் சட்டம்தான் என்றார்களாம். லென்ஸ் புதிய சட்டத்துக்குப் பொருந்தாததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. சித்திக்கு அதில் கொஞ்சம் வருத்தம். "அப்ப கம்ப்யூட்டருக்கும் செலவு, கண்ணாடிக்கும் செலவா?" என்றார்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கையிடமிருந்து மெயில் வந்தது. முதல் வரியில் பைதானில் ஏதோ ஒரு லூப் நிற்காமல் ஓடுகிறது என்று சந்தேகம். கடைசி வரியில், பழைய கண்ணாடியைப் பார்சலில் அனுப்பட்டுமா, அதையும் பிரித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கட்டிலுக்கு அடியில் போகாமல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிரிக்க வேண்டும்.